பதிலுக்கு விட்ட இடைவெளி

மதியம் மூன்று இருபதுக்கு என் மகளின் அறையில் பேசிக்கொண்டிருந்த இரண்டு குரல்களில் ஒன்று நின்றுபோனது.

நின்றது மகளின் குரல். மற்றது நிற்கவில்லை.

கோடை விடுமுறை, கத்திரி வெயில். கூடத்தில் மின்விசிறிக்கு நேர் கீழே பாயை விரித்துப் படுத்திருந்தேன். டீ போட நேரமாகிவிட்டதா என்று சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். அதனால்தான் அந்த நேரம் இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது. மனைவி மலருக்குப் பெரம்பலூரில் ஆபீஸ் வேலை. பொழுது சாயும்போதுதான் பஸ்ஸில் வந்து இறங்குவாள். வீட்டில் நானும் மகள் கௌசல்யாவும் மட்டும்.

அவள் அறைக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே ஒரு பெண் குரல் ஜெர்மன் மொழியில் ஏதோ கேட்கும். பிறகு கொஞ்ச நேரம் விடும். அந்த நேரத்துக்குள் கௌசல்யா ஜெர்மனிலேயே பதில் சொல்லிவிடுவாள். மறுபடி அந்தக் குரல் கேட்கும். மடிக்கணினியில் ஓடும் பயிற்சிப் பதிவு அது. காதில் மாட்டிக்கொண்டு கேட்டால் தன் குரல் தனக்கே சரியாகக் கேட்காது என்று சத்தமாகவே ஓடவிடுவாள். மதியச் சாப்பாடு முடிந்தால் அந்த விடுமுறை முழுக்க எங்கள் வீட்டுச் சத்தம் இதுதான்.

எனக்கு ஒரு சொல்லும் புரியாது. ஆனாலும் கேட்டுக் கேட்டு வரிசை மனப்பாடமாகியிருந்தது, பக்கத்துக் கோயில் மைக்கில் வருவது நமக்கு மனப்பாடமாவதுபோல. நடுவில் 'முட்டர்' என்று முடியும் ஒரு கேள்வி வரும். அதற்குக் கௌசல்யா நீளமாக ஒரு பதில் சொல்வாள்.

அன்று 'முட்டர்' வந்தது. பதில் வரவில்லை.

தண்ணீர் குடிக்கிறாள் போலிருக்கிறது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

நான் எழுதிவரும் இந்தத் தொடரின் வரிசைப்படி இந்த வாரம் கீழப்பழுவூர்ப் பள்ளியில் நான் வேலைக்குச் சேர்ந்த கதையை எழுத வேண்டும். அது எங்கும் ஓடிப்போகாது. இது நடந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. இன்னமும் மதிய நேரத்தில் வீடு அமைதியானால் எழுந்துபோய் அந்த அறைக் கதவைத் தள்ளிப் பார்க்கிறேன். எழுதிவிட்டால் கொஞ்சம் குறையும் என்று மலர் சொல்கிறாள்.

கணக்கு வாத்தியார் வீட்டு ஜெர்மன்

நான் கணக்கு வாத்தியார். ஊர் அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் இருக்கிறது. இந்தப் பக்கத்தில் கணக்கு வாத்தியார் மகள் என்றால் இன்ஜினீயர் அல்லது டாக்டர், இரண்டும் இல்லையென்றால் இன்னொரு கணக்கு வாத்தியார்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கௌசல்யா, ஹைதராபாத்தில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஜெர்மன் படிக்கப் போகிறேன் என்றாள். நுழைவுத் தேர்வு எழுதி இடமும் வாங்கியிருந்தாள். எங்கள் வீட்டில் அதற்கு முன் ஜெர்மன் என்று யாரும் வாய்திறந்து சொன்னதில்லை, ஹோமியோபதி மருந்து வாங்கும்போது தவிர.

அடுத்த வீட்டுச் சண்முகம் சிமென்ட் ஆலைக்கு லாரி ஓட்டுகிறவர். விஷயம் கேள்விப்பட்டு வேலி ஓரம் வந்து நின்றார்.

"என்னா சார், பாப்பாவ ஜெர்மனுக்குப் படிக்க வைக்கிறீங்களாமே?"

"ஜெர்மனுக்கு இல்லங்க. ஜெர்மன் பாஷை."

"அத வச்சு என்னா சார் பண்றது? எங்க ஃபேக்டரியில ஒரு ஜெர்மன் மெஷின் கெடக்கு. மாசத்துல பாதி நாளு ஓடாது. பாப்பா படிச்சிட்டு வந்து அதுகிட்ட என்னா ஏதுன்னு கேட்டுச்சுன்னா புண்ணியமாப் போவும்."

கௌசல்யா உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். "கேக்கறேன் மாமா. ஆனா அது ஒங்களப் பத்தித்தான் பிராது சொல்லும்."

அப்படி வாயாடும் பிள்ளை அவள். அது முக்கியம். ஏனென்றால் அந்தக் கோடையில் வந்து இறங்கியவள் அந்தப் பிள்ளை இல்லை.

பாடாலூர் மஞ்சு

பல்கலைக்கழகத்தில் ஒரு வழக்கம் உண்டாம். முதல் வருடம் மொழி தொடங்கும்போதே மாணவர்களை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுவார்கள். ஒருத்தி கேள்விகளை மட்டும் பேசிப் பதிவுசெய்து, ஒவ்வொரு கேள்விக்குப் பிறகும் பதில் சொல்லும் நேரத்துக்கு இடைவெளி விட்டு இன்னொருத்தியிடம் கொடுக்க வேண்டும். விடுமுறையில் ஊருக்குப் போனாலும், எதிரில் ஆள் இல்லாவிட்டாலும், பேச்சு நிற்கக் கூடாது. புதிய மொழி வாயில் தங்க அதுதான் வழியாம்.

கௌசல்யாவுக்கு வாய்த்த ஜோடி மஞ்சுளா. ஊர் பாடாலூர். ஹைதராபாத் வரை போய், நாடு முழுவதிலுமிருந்தும் வந்த பிள்ளைகளுக்கு நடுவில், எங்கள் பக்கத்து மாவட்டத்துப் பெண்ணே இவளுக்கு ஜோடி. இரண்டு பேரும் பார்த்த முதல் நாள் ஒருத்தி 'வூட்ல' என்றிருக்கிறாள். மற்றவள் திரும்பிப் பார்த்திருக்கிறாள். அவ்வளவுதான், அன்றிலிருந்து ஒரே அறை, ஒரே தட்டு.

மஞ்சுவுக்கு அப்பா இல்லை. அம்மா பச்சையம்மாள் நெடுஞ்சாலை ஓரத்தில் சின்ன வெங்காயம் விற்று அவளை வளர்த்தார்.

முதல் வருடக் கோடை விடுமுறையில் மஞ்சு எங்கள் வீட்டுக்கு வந்து தங்கினாள். நெட்டையாக, கறுப்பாக, எப்போதும் ஏதாவது ஒன்றுக்குச் சிரித்துக்கொண்டு. சாப்பிடும்போது இரண்டு பேரும் எங்களுக்குப் பாடம் நடத்துவார்கள்.

"அப்பா, வீட்ட விட்டுக் கெளம்பும்போது என்னா சொல்லணும் தெரியுமா? அவுஃப் வீடர்ஸேயன்."

"அப்பிடின்னா?"

"மறுபடி பாக்குற வரைக்கும்னு அர்த்தம்" என்றாள் கௌசல்யா.

"நம்ம போயிட்டு வரேன்தாம்ப்பா" என்றாள் மஞ்சு. "அவங்களும் போறேன்னு சொல்ல மாட்டாங்களாம். நம்மளாட்டந்தான்." என்னை அவளும் அப்பா என்றே கூப்பிடுவாள்.

மலர் அந்தச் சொல்லைத் திருப்பிச் சொல்லப் பார்த்து, மோர் புரையேறி, வீடே சிரித்தது. ஊருக்குக் கிளம்பும்போது மஞ்சு வாசலில் நின்று அதையே உரக்கச் சொல்லிவிட்டுப் போனாள். சண்முகம் வீட்டு நாய் குரைத்தது.

சொல்லிக்கொள்ளாமல்

பொங்கல் விடுமுறைக்கு வந்திருந்தபோது, பாடாலூரில் சாலையைக் கடக்கையில் மஞ்சு போய்விட்டாள். கையிலிருந்த போனும் அவளோடு நசுங்கிப்போனது.

கௌசல்யாவை அழைத்துக்கொண்டு நான்தான் போனேன். அவள் அழவில்லை. மஞ்சுவின் தலைமாட்டில் உட்கார்ந்து, உதடு அசைய, சத்தமில்லாமல் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள். பச்சையம்மாள் மாரில் அடித்துக்கொண்டு ஒன்றையே திரும்பத் திரும்பச் சொன்னார். "ஒரு வார்த்த சொல்லிக்காமப் போயிட்டியே சாமி. ஒரு வார்த்த சொல்லிக்காம..."

நாங்கள் கிளம்பும்போது கௌசல்யா அந்த அம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தாள். நான் அவள் தோளைத் தொட்டு வெளியே இழுத்துவந்தேன். எழவு வீட்டில் யாரும் போயிட்டு வரேன் என்று சொல்லக் கூடாது. திரும்பிப் பார்க்காமல் நடந்துவிட வேண்டும். இது அவளுக்குத் தெரியாததல்ல.

பஸ்ஸில் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி கேட்டாள். "ஏன்ப்பா சொல்லக் கூடாது?"

"சொன்னா மறுபடி அதே மாதிரி ஒரு காரியத்துக்கு வரணும்னு ஆயிடும். அதுக்குத்தான்."

"சரி" என்றாள்.

அன்றிலிருந்து அவள் எங்கேயும் சொல்லிக்கொண்டு கிளம்பவில்லை. ஹைதராபாத்துக்குப் பெட்டியைத் தூக்கும்போதும் சரி, கோடையில் ஊருக்கு வந்த பிறகு கடைக்குப் போகும்போதும் சரி, எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுவாள். "சொல்லிட்டுப் போயேன்டி, எழவு வூட்டுலேருந்து போற மாதிரி போறியே" என்று மலர் ஒருநாள் கத்தினாள். கௌசல்யா அவளைப் பார்த்தாள்.

தமிழே குறைந்துபோனது. கேட்டால் ஆமாம், இல்லை. மதியம் அறைக்குள் போனால்தான் குரல் வரும், அதுவும் ஜெர்மனில். அந்தப் பயிற்சியையும் கடைசிவரை ஓடவிட மாட்டாள். முடியப்போகும் இடத்தில் டக்கென்று நிறுத்திவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்குவாள். அது ஏன் என்று எனக்கு அன்றுவரை தெரியாது.

ஒருநாள் மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டாள். "அப்பா, குழி எவ்ளோ ஆழம் இருக்கும்?"

ஊருக்குக் கிழக்கே உள்ள பழைய சுண்ணாம்புக்கல் சுரங்கத்தைத்தான் நாங்கள் குழி என்போம். "ஏன்?" என்றேன். "சும்மா" என்றாள்.

அந்தச் 'சும்மா' அன்றிரவு என்னைத் தூங்கவிடவில்லை.

இடைவெளிக்குள் இருந்தவை

திரும்ப அந்த மதியத்துக்கு வருகிறேன்.

'முட்டர்' என்ற கேள்விக்குப் பதில் வரவில்லை. இடைவெளி ஓடியது. மின்விசிறியின் சத்தம் மட்டும். பிறகு சாத்திய கதவுக்குள்ளிருந்து, அதே குரல், தமிழில் சொன்னது:

"ஏய் கௌசி. பதில் சொல்லுடி."

எழுந்து உட்கார்ந்துவிட்டேன்.

யாரோ வந்திருக்கிறார்கள், நான் கண்ணயர்ந்தபோது வந்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அந்தக் குரல் எனக்குத் தெரிந்த குரல். வாரக்கணக்காக நான் ஜெர்மன்காரி ஒருத்தியின் குரல் என்று நினைத்துக் கேட்டுக்கொண்டிருந்தது, தமிழில் ஒரே ஒரு வாக்கியம் பேசியதும் நெட்டையாக, கறுப்பாகக் கண்முன் வந்து நின்றது. அவளுக்குத்தான் நான் மாலை வாங்கிப் போட்டேன்.

குரல் அடுத்த கேள்விக்குப் போனது. இடைவெளி விட்டது. அதற்குள்ளும் என்னென்னவோ இருந்தன. ஓர் அடக்கிய சிரிப்பு. நாற்காலி நகரும் சத்தம். கண்ணாடி வளையல் மேசையில் படும் சத்தம். நாள்தோறும் கௌசல்யாவின் பதில்களுக்கு அடியில் இவை மறைந்து கிடந்திருக்கின்றன. அவள் பேச்சு நின்றதும் ஒவ்வொன்றாக மேலே வந்தன.

எழுந்து கதவருகே போனேன். கதவுக்கு இந்தப் பக்கம் நின்றபடி கேட்டுக்கொண்டே இருந்தேன்.

பிறகு, கௌசல்யா எப்போதும் நிறுத்திவிடும் இடம் வந்தது. யாரும் நிறுத்தவில்லை. "அவுஃப் வீடர்ஸேயன்" என்றது மஞ்சுவின் குரல், நிதானமாக. அன்று வாசலில் நின்று சொன்னாளே, அதே இழுப்பு.

அதற்கு அப்புறம் சங்கு ஊதியது.

எங்கள் ஊர்க்காரர்களுக்குத்தான் இது புரியும். சுரங்கத்தில் வெடி வைப்பதற்கு முன் ஒரு சங்கு ஊதுவார்கள். எல்லோரும் வீட்டைவிட்டு வெளியே வந்து நிற்போம். பாத்திரம் அதிரும், காரை உதிரும், பிறகு உள்ளே போவோம். ஆனால் அந்தச் சுரங்கம் மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. தண்ணீர் இறைப்பதை நிறுத்தியதும் ஊற்று நிரம்பி அது குழியாகிவிட்டது. சங்கை எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அந்தச் சங்கு என் மகளின் அறைக்குள் ஊதியது. என் கால்கள் பழக்கத்தில் வாசலைப் பார்த்துத் திரும்பின.

அதன் மேல் ஓர் ஆண்குரல், கொஞ்சம் தள்ளியிருந்து, சற்று எரிச்சலாக:

"ரெண்டு பேரும் டீ குடிக்க வாங்க. ஆறுது."

என் குரல்.

நான் வாய் திறக்கவில்லை. கதவுக்கு வெளியே நான் நிற்கிறேன். கதவுக்கு உள்ளேயிருந்து நான் கூப்பிடுகிறேன். அரை நிமிடம் நான் யார், எங்கே நிற்கிறேன் என்று எனக்கே தெரியவில்லை. முதல் வருடக் கோடையில் அதே அறையில் மஞ்சு பேசிப் பதிவுசெய்தது இது என்று அறிவுக்கு எட்டுவதற்குள், பதிவு முடிந்து, "குட்டன் டாக்" என்று முதலிலிருந்து தொடங்கிவிட்டது.

கதவைத் தள்ளினேன். நாற்காலி காலி. அவள் போன் சுவரோரம் சார்ஜில் கிடந்தது. தோட்டத்துப் பக்கக் கதவு திறந்திருந்தது.

குழி

மலருக்குப் போன் செய்தேன்.

"என்னங்க இந்த நேரத்துல?"

"கௌசி வூட்ல இல்ல."

"கடைக்குப் போயிருப்பா."

"போன வச்சிட்டுப் போயிருக்கா."

மறுமுனையில் டைப் அடிக்கும் சத்தம் நின்றது. மெதுவாகக் கேட்டாள். "குழிப் பக்கம் போயிப் பாத்தீங்களா?"

அவளும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"நான் பஸ் ஏறிட்டேன்னு வச்சுக்கங்க" என்று வைத்துவிட்டாள்.

சண்முகம் லுங்கியோடு வண்டியை எடுத்தார். வெயிலில் ஊர் வெளிறிக் கிடந்தது; ஒரு காக்கைகூட இல்லை. சுரங்கப் பாதையில் வெள்ளைப் புழுதி கணுக்கால் வரை. இருபுறமும் வெட்டிப் போட்ட கற்களில் சிப்பியும் நத்தையும் கல்லாகப் பதிந்திருக்கும். எங்கள் பிள்ளைகள் அவற்றை வைத்துத்தான் விளையாடும். இது ஒரு காலத்தில் கடல் என்று வகுப்பில் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அன்று அந்த நத்தைகளைப் பார்க்கவே பிடிக்கவில்லை. எல்லாம் பாதி நகரும்போது நின்றுபோனவை.

குழியின் விளிம்பில் வண்டியை நிறுத்தினார். கீழே தண்ணீர் பச்சையும் நீலமுமாக, ஒரு சுருக்கம் இல்லாமல் கிடந்தது. அவ்வளவு அழகான தண்ணீரை நான் வேறு எங்கும் பார்த்ததில்லை. அவ்வளவு வெறுத்ததுமில்லை.

"கௌசீ..." என்று கத்தினேன்.

எதிர்ச் சுவர் உடனே பதில் தரவில்லை. ஒரு மூச்சு நேரம் விட்டு, "...சீ" என்றது. மறுபடி கத்தினேன். மறுபடி அதே இடைவெளி. அந்த இடைவெளிக்குள் அவள் குரல் வந்துவிடாதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். என் குரல்தான் திரும்ப வந்தது.

"சார், போதும் சார்." சண்முகம் என் கையைப் பிடித்தார். "பாப்பாவோட ஸ்கூட்டி வூட்ல நிக்கிதா?"

யோசித்தேன். கொட்டகையில் ஸ்கூட்டி இல்லை. அவசரத்தில் எனக்கு அது உறைக்கவே இல்லை.

"இங்கயும் இல்ல பாருங்க. ஸ்கூட்டி எடுத்துட்டுப் போன புள்ள எங்கயோ தூரமாத்தான் சார் போயிருக்கு. இந்தா இருக்குற குழிக்கு யாரு சார் பெட்ரோலு போட்டுட்டு வருவா?"

அந்த நேரத்திலும் அவரால் அப்படித்தான் பேச முடியும். நான் புழுதியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

நிறுத்தாதீங்க

வீட்டுக்குத் திரும்பியபோது வாசலிலேயே கேட்டது. மஞ்சு பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே போய் மடிக்கணினியை மூடிவிடலாம். ஒரு விரல் வேலை. கதவு வரை போனேன். கை வரவில்லை. எப்போது நிறுத்தினாலும் அது ஏதோ ஒரு கேள்வியின் நடுவில்தான் நிற்கும் என்று தோன்றியது. இத்தனை வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக்கொடுத்தவன், பேய் பிசாசு என்றால் சிரிப்பவன். ஆனால் அந்தப் பெண்ணின் பேச்சைப் பாதியில் வெட்ட எனக்குத் துணிவு வரவில்லை.

மலர் வந்து சேர்ந்தபோது வெயில் இறங்கியிருந்தது. கைப்பையைக் கூடக் கழற்றவில்லை. கூடத்தில் நின்று அந்தக் குரலைக் கேட்டாள். முகம் மாறியது.

"யாருங்க இது?"

"மஞ்சு."

"மஞ்சுவா?" சுவரைப் பிடித்துக்கொண்டாள். "இவ்ளோ நாளா மஞ்சுகிட்டயா பேசிக்கிட்டிருந்தா?"

அப்போது பதிவில் மறுபடி சங்கு ஊதியது. டீ ஆறுது என்று நான் கூப்பிட்டேன். மலர் என்னைப் பார்த்தாள். என் வாயைப் பார்த்தாள்.

"நிறுத்திடறேன்" என்றேன்.

"வேணாம். நிறுத்தாதீங்க." என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அவ ஓடவுட்டுட்டுப் போயிருக்கா. அவளே வந்து நிறுத்தட்டும். அது ஓடற வரைக்கும் அவ வருவா."

எம்.காம். படித்தவள் அவள். நான் மறுத்துப் பேசவில்லை. எனக்கும் அதே நினைப்புதான்.

தெரிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் போன் போட்டாயிற்று. அரியலூர் பஸ் ஸ்டாண்டில் சண்முகத்தின் மச்சான் தேடிப் பார்த்துவிட்டு இல்லை என்றார். விளக்கு வைத்ததும் போலீஸுக்குப் போய்விடலாம் என்று சண்முகம் சொன்னார். மலர் விளக்கைத் துடைத்தாள். திரியைப் போட்டாள். ஏற்றாமல் கையில் தீப்பெட்டியுடன் உட்கார்ந்திருந்தாள். உள்ளே அந்தப் பெண் யாரோ ஒருவரின் நலத்தை விசாரித்துக்கொண்டே இருந்தாள். ஒவ்வொரு கேள்விக்கும் பிறகு அந்த இடைவெளி. ஒவ்வொரு இடைவெளியிலும் நாங்கள் இரண்டு பேரும் வாசலைப் பார்த்தோம்.

மலர் தீக்குச்சியைக் கிழித்தபோது தெருமுனையில் ஸ்கூட்டியின் சத்தம் கேட்டது.

வாசலில்

கௌசல்யா இறங்கினாள். தலையெல்லாம் புழுதி. பின்னால் இன்னொருவர் மெதுவாகக் காலை ஊன்றி இறங்கினார். பாடாலூர் பச்சையம்மாள்.

மலர் ஓடிப்போய் மகளின் கன்னத்தில் ஓர் அறை விட்டாள். அதே கையால் இழுத்து அணைத்துக்கொண்டாள். "எங்கடி போன? எங்கடி போன? ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவக் கூடாதாடி?"

"சொன்னா வுட மாட்டீங்கன்னு நெனச்சேன்ம்மா." பிறகு என்னிடம் திரும்பினாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் தமிழில் இவ்வளவு பேசியது அன்றுதான். "அது முதல் வருஷப் பாடம்ப்பா. ஒருத்தி ஃப்ரெண்டு வீட்டுக்கு விருந்தாளியா வருவா, பேசிட்டுக் கெளம்பிப் போவா. அவ்ளோதான் பாடம். அவ கெளம்புறதுக்கு முன்னாடி நான் நிறுத்திடுவேன். இன்னிக்கி நடுவுல, அம்மா எப்பிடி இருக்காங்கன்னு கேட்டா. நல்லா இருக்காங்கன்னு சொல்லணும். தெனமும் சொல்லிட்டுத்தான் இருக்கேன். இன்னிக்கி சொல்ல வரல. எனக்கு எப்பிடித் தெரியும்? சாவுக்கப்புறம் நான் போயிப் பாக்கவே இல்லயே. எழுந்துட்டேன். நீங்க முழிச்சிடக் கூடாதுன்னு ஸ்கூட்டிய ரோடு வரைக்கும் தள்ளிட்டே போனேன். பெரம்பலூர் தாண்டுனதுக்கு அப்புறந்தான் போன எடுக்கலன்னே தெரிஞ்சிச்சு."

குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "காரியத்தன்னிக்கு போன்ல பேசுனாங்கப்பா. அவ பேசுனது ஏதாவது ஒங்கிட்ட இருக்காம்மான்னு கேட்டாங்க. நான் ஒண்ணும் சொல்லாம வச்சிட்டேன்."

பச்சையம்மாள் வாசற்படிக்கு வெளியிலேயே நின்றார். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். துக்கம் நடந்த வீட்டுக்காரர்கள் வருடம் திரும்பும்வரை அடுத்தவர் வீட்டுப் படி ஏற மாட்டார்கள். அதுவும் விளக்கு வைக்கும் நேரத்தில்.

"நான் இங்கயே நிக்கிறேன் சார். பாப்பாதான் கேக்காம இட்டாந்துடிச்சி. இங்கேருந்தே கேட்டுட்டுப் போயிடறேன்."

உள்ளே குரல் தொடங்கியது. "குட்டன் டாக்."

அந்த அம்மாளின் கை கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டது.

மலர் ஒரு கணம் ஏற்றிய விளக்கைப் பார்த்தாள். பிறகு செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். "காலக் கழுவிட்டு உள்ள வாங்கக்கா. ஒங்க பொண்ணு மத்தியானத்துலேருந்து பேசிக்கிட்டே இருக்கா."

மேசைக்கு முன்னால் கௌசல்யா உட்காரும் நாற்காலியில் அவரை உட்கார வைத்தோம். திரையை அவர் பார்க்கவில்லை. சத்தம் வரும் ஓட்டையின் மேல், காய்ச்சல் பார்ப்பதுபோல, புறங்கையை வைத்தார். வெங்காயச் சருகின் வாசனை அறையில் பரவியது.

மஞ்சு ஏதேதோ கேட்டாள். இடைவெளி விட்டாள். 'முட்டர்' வந்தது.

"என்னா கேக்குறா?" என்றார் பச்சையம்மாள்.

"அம்மா எப்பிடி இருக்காங்கன்னு கேக்குறா."

அவர் பதில் சொல்வதற்குள் உள்ளிருந்து, "ஏய் கௌசி. பதில் சொல்லுடி" என்று வந்துவிட்டது. தமிழைக் கேட்டதும் அவர் உடம்பு ஒருமுறை குலுங்கியது. "இருக்கேன்டி" என்றார், மடிக்கணினியிலிருந்து கையை எடுக்காமல். "இருக்கேன்."

குரல் மேலே போனது. கடைசி வரி வரப்போகிறது என்று எனக்குத் தெரிந்தது. கௌசல்யாவின் விரல் நிறுத்தும் பொத்தானின் மேல் போய் நின்றது. அவள் தன் கையைத் தானே இன்னொரு கையால் பிடித்துக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"அவுஃப் வீடர்ஸேயன்" என்றாள் மஞ்சு.

அந்த அம்மாள் நிமிர்ந்து என் மகளைப் பார்த்தார்.

"போயிட்டு வரேன்னு சொல்றாம்மா" என்றாள் கௌசல்யா.

சங்கு ஊதுவதற்கு முன் இருந்த அந்தக் கொஞ்ச நேரத்தில், பச்சையம்மாள் குனிந்து, மிக அருகில், குழந்தையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் குரலில் சொன்னார்:

"சரிடா சாமி. ரோட்டப் பாத்துப் போ."